சமுதாயக் கல்லூரி மாணவர்கள் ஊர் வேலையில் இறங்குவது எப்படி? சேலம், ஏற்காட்டுக்கான முழு வழிகாட்டி

கைத்தொழில் கற்றுத் தரும் சமுதாயக் கல்லூரிகளின் டிப்ளமோ பெரும்பாலும் ஆறு மாதம், இல்லையென்றால் ஒரு வருடம். முதல் சிக்கலே இந்தக் காலக்கெடுதான். 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டில் மாணவர் சேவைக்காகத் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்) இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் கேட்கிறது. மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு அது சரி. ஆனால் காலையில் வகுப்பும் மதியத்துக்கு மேல் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலையுமாக இருக்கும் பையனிடம் ஏழு நாள் முகாமுக்கு வா என்றால், ஏழு நாள் கூலியை விடச் சொல்கிறோம் என்று அர்த்தம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தையல் வகுப்புக்கு வரும் அம்மாவுக்கும் அதே கதைதான்.

அதனால் இங்கே வேறு மாதிரித் திட்டமிட வேண்டும். நான் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்வது இரண்டே விதி. ஒன்று, படிக்கிற தொழிலே சேவையாக இருக்க வேண்டும். இரண்டு, செய்த வேலை ஏதாவது ஒரு பதிவேட்டில் போய் முடிய வேண்டும். அது கிராம சபைத் தீர்மானமாக இருக்கலாம், மனுவின் ரசீது எண்ணாக இருக்கலாம், வாக்காளர் பட்டியலில் ஏறிய ஒரு பெயராக இருக்கலாம். பதிவேட்டில் ஏறாத வேலை பேனரோடு சேர்ந்து மடிக்கப்பட்டுவிடும்.

சேவை வழிக் கற்றல் என்ற இந்த முறை அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில் பெயர் பெற்றது. அங்கே சமுதாயக் கல்லூரிகள் அதற்கும் முந்தியவை. இலினாய் மாநிலத்தின் ஜோலியட் ஜூனியர் கல்லூரி 1901-ல் தொடங்கியது. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரியில் முதல் சமுதாயக் கல்லூரி வந்தது, பிறகு தமிழ்நாட்டில் பரவியது. கல்லூரியில் படித்துக்கொண்டே ஊருக்கு ஒரு வேலை செய்வது, அதிலிருந்து பாடத்தையே கற்பது, அதற்கு மதிப்பெண் பெறுவது: முறை இவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவும் சமூகப் பங்கேற்புக்கு 2 கிரெடிட் பாடம் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே "இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் இடம் ஏது?" என்று முதல்வர் கேட்டால் பதில் கையில் இருக்கிறது.

1. மணி நேரத்தைப் பிரியுங்கள்

ஒருவருக்கு 40 மணி நேரம் போதும். ஊரில் கேட்டறிய 6, அலுவலகங்களுக்கு 6, வேலைக்கு 20, குறிப்பு எழுதவும் பேசவும் 8. இது என் கணக்கு; உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அலுவலக நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறோம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி அலுவலகம் பூட்டியிருக்கும். குழுவில் இரண்டு பேராவது வார நாளில் அரை நாள் ஒதுக்க முடியுமா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் ஜவுளிக்கடை வேலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் வீடுகளில் ஆளே இருக்காது. இரண்டையும் காலண்டரில் குறித்துக்கொண்டு பிறகு தேதி போடுங்கள். நகரத்துக்குள் வேலை என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. மலை என்றால் பஸ் செலவை யார் தருவது என்று முன்பே பேசி முடியுங்கள். பாதியில் ஆட்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் இந்தச் சின்னச் செலவில்தான்.

2. தொழிலையும் தேவையையும் பொருத்துங்கள்

நர்சிங் உதவியாளர் படிப்பு: ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கத் தெரிந்த மாணவிகள் 'இலவச முகாம்' போடுவதுதான் வழக்கம். முகாமில் எண்ணைச் சொல்லி அனுப்பினால் அதோடு முடிந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அப்படியும் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுங்கள். 'இது சர்க்கரை நோய்தான்' என்று நீங்கள் முடிவு சொல்லக் கூடாது, மாத்திரையை மாற்றச் சொல்லவும் கூடாது. அளப்பதும் அனுப்பி வைப்பதும் மட்டுமே உங்கள் வேலை. தொடங்குமுன் வட்டார மருத்துவ அலுவலரிடம் கல்லூரிக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

கம்ப்யூட்டர், டிடிபி படிப்பு: படிவம் நிரப்புவது ஏளனமான வேலை இல்லை. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில் ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பே சாதிச் சான்றிதழில் மாட்டி நிற்கும். பழங்குடியினர் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். விண்ணப்பம் இணையத்தில் ஏறினாலும் தந்தையின் சான்று, பள்ளிச் சான்று என்று இணைக்க வேண்டியவற்றில் ஒன்று குறைந்தால் திரும்பி வந்துவிடும். மாணவர்கள் செய்ய வேண்டியது விண்ணப்பத்துக்கு முந்தைய வேலை: யாரிடம் எந்தத் தாள் இருக்கிறது, எது இல்லை என்று வீட்டுக்கு வீடு சரிபார்ப்பது. பெயரின் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் இருப்பதைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு கண்டிப்பு: ஆதார் படம் எதுவும் மாணவர் போனில் தங்கக் கூடாது, ஓடிபி எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அன்றன்றே அழித்துவிட்டு, அழித்ததை அவர்கள் கண்ணெதிரே காட்டுங்கள்.

தையல் படிப்பு: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் விலை. சேலத்தில் துணி வெட்டில் மிஞ்சும் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அதில் பை தைத்தால் ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது, ஏற்காடு ஏரிப் பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு வரை தருவார் என்று பார்ப்பதே நல்ல பாடம். நூறு பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் படம் எடுப்பதைவிட, பத்துக் கடையில் விலைக்கு வைத்து எத்தனை விற்றது என்று எழுதுவது மேல். கணக்கு நஷ்டம் காட்டினாலும் அது உண்மையான கணக்கு.

கேட்டரிங் மாணவர்களுக்கு ஏற்காட்டில் வேலை கொட்டிக் கிடக்கிறது. சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வந்தால் உணவுக் கழிவு மலைபோல் சேரும், குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தரச் சொல்கின்றன. இரண்டு மூன்று சிறு விடுதிகளின் சம்மதத்தோடு, தட்டில் மிஞ்சுவது எவ்வளவு, சமையலறையில் வீணாவது எவ்வளவு என்று எடை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சமையலறை அளவைக் குறைத்தாலே விடுதிக்காரருக்குக் காசு மிச்சம். அப்புறம் அவரே உங்களைக் கூப்பிடுவார்.

எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் மாணவர்கள் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ பழுதைப் பார்த்துப் பட்டியல் போடலாம். உரிமம் பெற்ற மின் பணியாளர் பக்கத்தில் இல்லாமல் ஒரு ஸ்விட்சைக்கூடக் கழற்ற வேண்டாம். அங்கன்வாடிக்குள் போகக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், அரசுப் பள்ளிக்குள் போகத் தலைமையாசிரியரிடமும் அனுமதி வேண்டும்.

3. ஊரில் கேளுங்கள், ஆனால் "என்ன குறை?" என்று கேட்காதீர்கள்

"உங்க ஊர்ல என்ன குறை?" என்று கேட்டால் ரோடு, தண்ணி, பட்டா என்று மனுவில் எழுதுகிற பதில்தான் வரும். அது பொய் இல்லை. ஆனால் எதை எங்கே தொடங்குவது என்று அதிலிருந்து தெரியாது. நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

"ஆயா, நேத்து தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சுங்க?"

"விடியறதுக்கு முன்னாடி கண்ணு. யாரு முழிச்சிருக்காங்களோ அவங்களுக்குத்தான் தண்ணி."

"நீங்க புடிச்சீங்களா?"

"எனக்கு முழங்கால் வலி. பேத்திதான் புடிச்சா. அப்புறம் பள்ளிக்கூடத்துல போய்த் தூங்கறா."

இந்த நாலு வரியில் குடிநீர் விடும் நேரம் ஒரு பிள்ளையின் படிப்போடு முட்டிக்கொள்வது தெரிந்துவிட்டது. புதுக் குழாய் போட ஆகும் செலவு எங்கே, தண்ணீர் விடும் நேரத்தை மாற்றச் சொல்லி ஊராட்சியில் கேட்பது எங்கே! ஆறு மாதத்தில் முடியக்கூடியது இரண்டாவதுதான்.

நாகலூர், மாரமங்கலம், வாழவந்தி பக்கத்து மலை ஊர்களுக்குப் போனால் முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து, யார், எதற்கு வந்திருக்கிறோம், எப்போது முடியும் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அவரோடு நிறுத்தாமல் மகளிர் சுய உதவிக் குழுவிலும் பேசுங்கள். தண்ணீரும் ரேஷனும் அங்கேதான் சரியாகத் தெரியும். எஸ்டேட் கூலிக்குப் போகிறவர்களைச் சாயங்காலம்தான் பிடிக்க முடியும். கூலி நாளைக் கெடுத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

4. எந்தக் கதவைத் தட்டுவது?

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நல்ல வேலைகள் பல தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தே செத்துப் போகின்றன.

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். அவை சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களாகப் பிரிகின்றன. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்றால் அந்தந்த மண்டல அலுவலகம், கூடவே வார்டு கவுன்சிலர். கிராமமென்றால் ஊராட்சிச் செயலர், மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். ஏரிதான் குழப்பும். பொதுவாக நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) உள்ளவை உள்ளாட்சி வசம், பெரியவை நீர்வளத் துறை வசம். மலையில் ஒரு செடி நடுவதானாலும் அந்த இடம் காப்புக்காடா, பட்டா நிலமா, எஸ்டேட்டா என்று தெரியாமல் குழி தோண்டாதீர்கள்.

கிராம சபை: தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் நடத்தும் வழக்கம் இருக்கிறது. உங்கள் படிப்புக் காலத்துக்குள் ஒன்றிரண்டாவது வரும். அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள். சேலம் டவுனிலிருந்து போன மாணவர் மைக்கைப் பிடித்துப் பேசுவது முறையும் இல்லை, பயனும் இல்லை. நீங்கள் தேதியும் அளவும் படமும் சேர்த்து ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் அதைப் படித்துத் தீர்மானம் கேட்கட்டும். கூட்டம் முடிந்ததும் தீர்மானம் எழுதப்பட்டதா என்று அவரே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். சொல்லிவிட்டோமே என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

மனு: திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. ஐந்தை எழுதினால் ஐந்து துறைக்கும் சுற்றிவிட்டு ஒன்றும் நடக்காமல் நிற்கும். இப்படி எழுதலாம்:

"எங்கள் தெருவில் மாரியம்மன் கோயில் எதிரே மழைநீர் வடிகால் சுமார் 30 அடி நீளத்துக்கு மண் அடைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அங்கன்வாடி வாசலில் தேங்குகிறது. வெவ்வேறு தேதிகளில் எடுத்த மூன்று படங்களை இணைத்துள்ளோம். வடிகாலைத் தூர்வாரித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கீழே கையெழுத்திட்டவர்கள் இத்தெருவில் குடியிருப்பவர்கள்."

'ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' போன்ற முகப்புரை தேவையில்லை. ரசீது எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். போனில் சொல்வதானால் 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது.

தகவல் உரிமை: 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முதல் மேல்முறையீடு. ஆறு மாதப் படிப்பு என்பதால் மனுவை முதல் மாதத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசி மாதம் போட்டால் பதிலைப் படிக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். "ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்காதீர்கள். "இந்த வடிகாலைக் கடைசியாகத் தூர்வாரிய பணியின் பணி ஆணை நகலும் செலவுப் பட்டியல் நகலும் தருக" என்று கேளுங்கள். ஏன் என்ற கேள்விக்கு மழுப்பலாம். நகல் கேட்டால் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

வாக்காளர் பட்டியல்: முதலில் உங்கள் வகுப்பிலேயே தொடங்குங்கள். 18 வயது நிறைந்தவர்களுக்குப் படிவம் 6, முகவரி மாறியவர்களுக்குப் படிவம் 8. முன்பு ஜனவரி 1 மட்டும் தகுதி நாளாக இருந்தது; இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற வாக்காளர் உதவி எண். யாருக்கு ஓட்டு என்ற பேச்சு மட்டும் வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் டீ வாங்கித் தந்து பேனரில் தன் படம் போடச் சொன்னாலும், "கல்லூரி வேலைங்கண்ணா, படம் போட முடியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

5. இறங்கும்போது

திருமணிமுத்தாற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் சாக்கடையும் சாயக்கழிவும் கலக்கின்றன. மாணவர் யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டி, மூடிய சாக்கடை பக்கமே போக வேண்டாம். அதில் ஆளை இறக்குவதை, கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆற்றுக்கு மாணவர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை, எந்த இடத்தில் எந்தக் குழாய் வந்து சேர்கிறது என்று கரையிலிருந்து வரைபடம் போடுவதுதான்.

ஏரி வேலை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2010-ல் சேலம் மக்கள் குழு அங்கே வேலை தொடங்கியது. தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள், பறவைகள் வந்தன. கவனிக்க வேண்டியது, ஒரு நாள் கூட்டத்தை வைத்து அதை முடிக்கவில்லை என்பது. உங்களிடம் 20 மணி நேரம்தான் இருக்கிறது. ஏரியை மீட்பேன் என்று கிளம்பாதீர்கள், ஏரிக்குள் வரும் ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகும் நாளில் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். சேலம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேதியைத் தள்ளிப் போடத் தயங்காதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குழந்தைகளைப் படம் எடுப்பதானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் பொதுவில் போடாதீர்கள்.

6. குறிப்பேடு

இதை எழுதாவிட்டால் நடந்தது சேவை, கற்றல் இல்லை. ஒவ்வொரு முறை போய் வந்த அன்றே மூன்று கேள்விக்கு எழுதுங்கள்: என்ன நடந்தது? அதிலிருந்து என்ன தெரிகிறது? அடுத்து என்ன செய்யப் போகிறேன்?

"முதியவர்களுக்கு உதவியது மனநிறைவைத் தந்தது" என்று எழுதினால் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "மூன்று பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர், நன்றாக இருக்கிறது என்பதால் நிறுத்தினார்களாம். வகுப்பில் ரத்த அழுத்தத்துக்கு வலி இருக்காது என்று படித்தேன். அது ஏன் முக்கியம் என்று இப்போதுதான் புரிகிறது. அடுத்த முறை எண்ணைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லப் போகிறேன்" என்று எழுதினால் அதற்குத்தான் மதிப்பெண். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யட்டும். தொழில் கைவந்தவருக்கு எழுத்தும் கைவர வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: மனு வெற்றி பெற்றதா என்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். வடிகாலைத் தூர்வாருவது மாணவர் கையில் இல்லை. சரியான கதவைக் கண்டுபிடித்தாரா, ஆதாரம் சரியா, மறுபடி போய்க் கேட்டாரா என்பதற்குப் போடுங்கள்.

7. கைமாற்றுவது

படிப்பு முடிந்து ஆள் திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். மனு இங்கேயே கிடக்கும். அதனால் கடைசி இரண்டு மணி நேரத்தை ஃபைலுக்கு ஒதுக்குங்கள். மனு நகல், ரசீது எண், தீர்மான எண், தகவல் உரிமை மனு போட்ட தேதி, பேசிய அலுவலரின் பதவி, ஊரில் தொடர்ந்து கேட்கப் போகிறவர் யார் என்ற விவரம். ஒரு பிரதி கல்லூரிக்கு, ஒன்று அந்த ஊர் ஆளுக்கு. மருத்துவப் பட்டியல், ஆதார் விவரம் எதுவும் இதில் வரக் கூடாது.

ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்: இது நடந்தது, இது நடக்கவில்லை, இதற்குப் பதில் இந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் இந்த அலுவலகத்தில் கேளுங்கள் என்று. சான்றிதழில் 'சமூக சேவையில் பங்கேற்றார்' என்று பொதுவாக எழுதாமல், '40 மணி நேரம், சான்றிதழ் விண்ணப்ப ஆவணச் சரிபார்ப்பு, கிராம சபைக்கான அறிக்கை தயாரிப்பு' என்று கல்லூரி எழுதித் தரட்டும். வேலைக்கு எடுப்பவர் அதைத்தான் படிப்பார். ஃபைலின் முதல் பக்கத்தில் அடுத்த கிராம சபையின் தேதியைப் பெரிதாக எழுதி, அடுத்த பேட்சின் முதல் வகுப்பிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்.